யாரும் தொடாத போத்தல்

கெலாங் பாத்தா,
15 செப்டம்பர் 2024

வாசுகி அக்காவுக்கு,

லோஷினி எழுதுறேன். இங்க அம்மா, அப்பா, நான் மூணு பேரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விடல. உனக்கு சளி போச்சா?

உன் ஸ்கூல் பக்கத்து டவர இன்னும் யாரும் சரி பண்ணல போல. இடி விழுந்ததுல இருந்து நான் வாட்ஸ்அப்ல அனுப்பினது எல்லாம் ஒரே டிக்கோட நிக்குது. சரவாக் காட்டுக்குள்ள டீச்சர் வேலைக்குப் போனது நீ, பேனா புடிச்சு கை வலிக்கறது எனக்கு. ஃபார்ம் சிக்ஸ் படிப்ப பாதியில விட்டவளுக்கு இது தண்டனை லா.

விஷயத்துக்கு வரேன். செவ்வாக்கிழமை புரட்டாசி பொறக்குது. அதுக்குள்ள வீட்டுல இருக்கற கவுச்சியெல்லாம் காலி பண்ணணும்னு அம்மா ஃபிரிட்ஜையே கவுத்துட்டாங்க. நான் வேலை செய்யற மீன் கோல்ட் ரூம்ல பெட்டி கிழிஞ்ச சரக்க நாங்க எடுத்துக்கலாம். அப்படித்தான் ரெண்டு பை சிப்பி கொண்டு வந்தேன். ஓடு எடுத்து, அவிச்சு, ஐஸ் போட்டது. அம்மா அத மொறுமொறுனு வறுத்து, கடுகும் மொளகாத்தூளும் வினிகரும் போட்டு ஊறுகா பண்ணிட்டாங்க. ரெண்டு போத்தல். ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு உனக்கு.

ஊறுகா ஊறாம வாயில வைக்கக் கூடாதுங்கறது அம்மா சட்டம், உனக்கே தெரியும். என்னை ருசி பாக்கக்கூட விடல. அது ஊறி முடியறப்ப புரட்டாசி நடந்துக்கிட்டு இருக்கும், யாரும் தொட முடியாது. தீபாவளிக்குத் திறந்தா சரியா இருக்கும்னு சொல்றாங்க. சரவாக்ல தீபாவளிக்கு லீவு இல்லைனு நீ போன வருஷம் அழுதத அம்மா மறக்கல. ஹாஸ்டல் புள்ளைங்களோட சேந்து சாப்பிடச் சொன்னாங்க.

அப்பா அதே ஃபேக்டரி பஸ்தான் ஓட்டறாரு. இந்த வருஷம் அவரும் முழு விரதம்னு சொல்லிட்டாரு. அம்மா முகத்த பாக்கணுமே, கோயில் கட்டின மாதிரி இருக்கு. நான் வழக்கம்போல வேலை இடத்துல முட்டை வெச்ச நாசி லெமாக் சோறுதான் சாப்பிடுவேன். அம்மா திட்டுவாங்க, அப்புறம் விட்டுருவாங்க.

பார்சல நாளைக்குப் போடறேன். உன் கடுதாசிய இப்பல்லாம் அம்மா என்னைத்தான் சத்தமா வாசிக்கச் சொல்றாங்க. எனக்கு மட்டும் சொல்ல ஏதாச்சும் இருந்தா தனித்தாள்ல எழுது.

உடம்பப் பாத்துக்க.
உன் தங்கச்சி லோஷினி

•

28 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை லோஷினிக்கு,

நான் இங்கு நலம். அம்மாவின் முட்டிக்கு அந்தப் பச்சை எண்ணெயைச் சூடு செய்து தேய்க்கச் சொல். அப்பா நேரத்துக்குத் தூங்குகிறாரா என்று எழுது.

பார்சல் இன்னும் வரவில்லை. மழை இல்லாததால் ஆறு இறங்கிக்கொண்டே போகிறது. வாரம் ஒருமுறை வந்த படகு இப்போது நினைத்தபோதுதான் வருகிறது. அரிசி வந்தால் கடிதம் வராது, கடிதம் வந்தால் அரிசி வராது. விடுதிப் பிள்ளைகள் மட்டும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். தண்ணீர் குறைந்த ஆற்றில் அவர்களுக்கு விளையாட இடம் அதிகம்.

அம்மாவிடம் சொல்: இரண்டு புரட்டாசிச் சனிக்கிழமையும் அறையில் விளக்கேற்றிப் பெருமாளைக் கும்பிட்டேன். சோறும் காட்டுக் கீரையும்தான் சாப்பாடு. விடுதிச் சமையல்காரர் மேரிக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. கண்ணெதிரே மீன் பொரிக்கும்போது இந்த டீச்சர் ஏன் கீரையை மெல்கிறாள் என்று பிள்ளைகளிடம் கேட்கிறார். அப்பாவே இந்த வருடம் விரதம் இருக்கும்போது நான் எப்படி விடுவேன்?

நீ திரும்பவும் பள்ளிக்கூடம் போவதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கவனித்தேன். ஐஸ் பெட்டி தூக்கித்தான் காலம் தள்ளப் போகிறாயா?

அனைவருக்கும் என் அன்பு.
வாசுகி

•

கெலாங் பாத்தா,
3 அக்டோபர் 2024

அக்கா,

நலம் எல்லாம் அப்புறம் விசாரிக்கறேன். அந்த ஊறுகா போத்தல திறக்காத. திறந்திருந்தா மூடு. யாருக்கும் குடுக்காத.

இன்னிக்குக் காலைல மொதலாளி தௌக்கே எங்க எல்லாரையும் வேலைய நிறுத்தச் சொல்லி வெளிய கூப்பிட்டாரு. சுகாதார இலாகா ஆபீசர் ஒருத்தர் வந்திருந்தாரு. நாங்க போன மாசம் பொட்டலம் போட்ட சிப்பிய கடைங்கள்ல இருந்து திரும்ப எடுக்கறாங்களாம். அத சாப்பிட்ட சில பேரு உதடு மரத்துப் போயி ஆஸ்பத்திரில கெடக்காங்க. கடல்ல ஒரு வகைப் பாசி பெருகினா சிப்பி அத தின்னு விஷத்த உள்ள சேத்து வெச்சுக்குமாம். சிப்பிக்கு ஒண்ணும் ஆகாது. நமக்குத்தான்.

நான் விடல. எங்க வீட்டுல நல்லா வறுத்து வினிகர்ல போட்டிருக்கோமேனு கேட்டேன். ஆபீசர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "வறுத்தாலும் போகாது தங்கச்சி, அவிச்சாலும் போகாது, ஐஸ்ல வெச்சாலும் போகாது. வாசம் மாறாது, ருசியும் மாறாது"ன்னாரு. பைமேல இருக்கற நம்பர பாருங்கன்னாரு. நம்ம பைய நான் அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன். அப்படினா என்ன செய்யறதுனு கேட்டேன். நம்பர் தெரியலனா அதுதான்னு வெச்சுக்கணுமாம்.

அதனால கேட்டுக்க. ருசி பாத்து முடிவு பண்ணலாம்னு ஒரு துண்டுகூட வாயில வைக்காத. போத்தலோட பிளாஸ்டிக்ல சுத்திக் கட்டி ஆழமா பொதச்சுடு. நாய்க்கோ பன்னிக்கோ போடாத, ஆத்துலயும் வீசாத. பட்ட கரண்டி, தட்டு, கை எல்லாத்தையும் சோப்பு போட்டுக் கழுவு. யாராச்சும் சாப்பிட்டிருந்தா மொதல்ல உதடும் நாக்கும் மரத்துப் போகும், அப்புறம் விரலு, அதுக்கு மேல மூச்சு. உதட்டோட நிக்கறப்பவே கிளினிக் போயிடணும். சரியாயிடும்னு படுக்கக் கூடாது.

வீட்டுப் போத்தல குடுங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன். புரட்டாசில நான் கவுச்சியத் தொடணுமானு கோவிச்சுக்கிட்டாங்க. நானே எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால வெச்சிருக்கேன். எடுத்துட்டுப் போன சரக்கையெல்லாம் திங்கக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்காங்க, அன்னிக்குக் குடுத்துருவேன். அப்பா தூங்கிட்டாரு. எழுப்பல. அவருதான் விரதமாச்சே, அவருகிட்ட சொல்ல என்ன இருக்கு.

உங்க கல்வி இலாகா ஆபீசுக்கு போன் போட்டேன். எடுத்தவரு எழுதிக்கிட்டேன்னாரு. எழுதற சத்தமே கேக்கல. அதனால இந்த உறைமேலயே செவப்பு மார்க்கர்ல மலாய்ல பெருசா எழுதியிருக்கேன், "ஜாங்கான் புக்கா போத்தோல்"னு. போத்தல திறக்காதேன்னு கையில வாங்கற எவனுக்கும் புரியட்டும். மானம் போகுதுனு கத்தாத.

உன் விரதத்த எத்தன தடவ கிண்டல் பண்ணியிருப்பேன். இந்த வருஷம் ஒழுங்கா இருந்து தொல.

லோஷினி

•

6 அக்டோபர் 2024

லோஷினிக்கு,

நலம். அம்மா அப்பா நலமா?

வெள்ளிக்கிழமைப் படகில் பார்சல் வந்தது. போத்தல் உடையவில்லை. அம்மா சுற்றியிருந்த பழைய துண்டையும் துவைத்து வைத்திருக்கிறேன். ஊறுகாயைத் தீபாவளிக்கென்று எடுத்து வைத்தாயிற்று. அன்று பிள்ளைகள் எல்லோருக்கும் சோற்றோடு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பேன்.

நேற்று மூன்றாம் சனிக்கிழமை. விளக்கேற்றினேன். மாலையில் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போனது. வெயிலாக இருக்கும். இப்போது பரவாயில்லை. அம்மா கவலைப்பட வேண்டாம்.

படகு நாளைக் காலை திரும்புகிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

வாசுகி

•

கெலாங் பாத்தா,
9 அக்டோபர் 2024

அக்கா,

இத உக்காந்து படி. அப்பா நல்லா இருக்காரு. மொதல்லயே சொல்லிட்டேன். இப்ப மிச்சத்த சொல்றேன்.

திங்கக்கிழமை காலைல அப்பா பஸ் ஓட்டிக்கிட்டுப் போறப்ப, பாலத்துக்குப் போற ரோட்டுல ஓரங்கட்டி நிறுத்திட்டாரு. பின்னால ஃபேக்டரி ஆளுங்க முழு பஸ். ஏன் நிக்குதுனு ஒருத்தர் முன்னால வந்து பாத்திருக்காரு. அப்பா ஸ்டீரிங்க புடிச்சிருக்காரு, ஆனா விரல்ல உணர்வே இல்லையாம். பேச்சு கொழறுது. ஸ்ட்ரோக்குனு நெனச்சு ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டாங்க.

நானும் அம்மாவும் போறப்ப டாக்டர் விசாரிச்சுக்கிட்டு இருந்தாங்க. காலைல என்ன சாப்பிட்டாருனு கேட்டாங்க. அப்பா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அம்மாவே பதில் சொல்லிட்டாங்க, அவரு விரதம், இட்லிதான் சாப்பிட்டாருனு. அப்பா தலைய ஆட்டினாரு. டாக்டரும் எழுதிக்கிட்டாங்க.

நான் அவரு கையப் பாத்தேன். ஸ்ட்ரோக்குனா ஒரு பக்கம்தானே இழுக்கும்? இவருக்கு ரெண்டு கையும் அப்படியே கெடக்கு. உதட்ட நாக்கால தடவிக்கிட்டே இருக்காரு. எனக்கு அந்த ஆபீசர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அப்பா காதுல குனிஞ்சு ஊறுகாயானு கேட்டேன். கண்ண மூடிக்கிட்டாரு.

மோட்டார் பைக்க எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் பறந்தேன். அரிசி டின்னுக்குப் பின்னால போத்தல் இருக்கு, எண்ணெ பாதிக்குக் கீழ எறங்கியிருக்கு. அவரு தெனமும் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, நம்மள எழுப்பாம தானே பசியாறிட்டுப் போவாரில்ல? இட்லிக்குத் தொட்டுக்கிட்டிருக்காரு. கொஞ்ச நாளாவே. அன்னிக்குக் கொஞ்சம் அதிகம்.

போத்தல பையில கட்டிக் கொண்டு போயி டாக்டர் முன்னால வெச்சேன். அப்பா சிப்பி சாப்பிட்டிருக்காரு, திரும்ப எடுக்கச் சொன்ன சிப்பினு சொன்னேன். அதுக்கப்புறம் எல்லாம் வேகமா நடந்துச்சு. மூச்சு எறங்க ஆரம்பிச்சிருந்துச்சு அக்கா. குழாய் போட்டு மெஷின் வெச்சாங்க. இதுக்கு மாத்து மருந்து கெடையாது, விஷம் தானா வெளிய போற வரைக்கும் மூச்சு நிக்காம பாத்துக்கணும், அவ்வளவுதான்னு சொன்னாங்க. நேத்து குழாய எடுத்துட்டாங்க. இன்னிக்குக் கஞ்சி குடிச்சாரு.

பேச்சு வந்ததும் என்ன சொன்னாரு தெரியுமா? பெருமாள் நாக்கக் கட்டிட்டாருனு நெனச்சாராம். விரதத்த மீறினதுக்குத் தண்டனை, அத டாக்டர்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுதுனு பேசாம படுத்திருந்தாராம். அம்மா கட்டில் பக்கத்துல வந்து அவரு போர்வைய சரி பண்ணாங்க. அப்புறம் கேட்டாங்க.

"சாமிகிட்ட பொய் சொன்னீங்க, போகட்டும். டாக்டர்கிட்டயுமா?"

அவ்வளவுதான். அதோட போயி வெளிய வராண்டாவுல உக்காந்துட்டாங்க.

இப்ப நான் உன்கிட்ட கேக்கறேன். அவரு விரதம்னு நம்பி நான் அவருக்குச் சொல்லாம விட்டேன். உன்னையும் அதே மாதிரிதான் நம்பிக்கிட்டு இருக்கேன். ஃபார்ம் ஃபைவ் படிக்கறப்ப புரட்டாசில பசார் மாலாம் ராச்சந்தைக்குப் பின்னால நீ கோழி தின்னது எனக்குத் தெரியும். எலும்ப என் பையில போட்டது நீதான். வாசுகி, சாப்பிட்டியா இல்லையா? தனித்தாள்ல எழுது. வாசிக்கறப்ப அத எடுத்து வெச்சுருவேன், சத்தியமா.

நம்ம வீட்டுக்கு வந்த சுகாதார ஆபீசர்கிட்டயும் உன் ஸ்கூல் பேரக் குடுத்திருக்கேன். ரேடியோவுல உங்க பக்கத்துக் கிளினிக்குக்குச் சொல்லப் பாக்கறேன்னாரு.

லோஷினி

•

13 அக்டோபர் 2024

அன்புத் தங்கை லோஷினிக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலத்தையும் அறிய ஆவல். இரண்டு வாரமாக உன் கடிதம் இல்லை. படகும் வரவில்லை. ஊரே ஒரே கூரையின்கீழ் வாழும் நீள்வீட்டைச் சேர்ந்த ஒருவர் மிளகு விற்கச் சிறுபடகில் கீழே போகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தீபாவளி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். பால் டின்களில் துளை போட்டு விளக்கு செய்கிறார்கள். என் மேசைமேல் இருக்கும் போத்தலைத் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்குள் இருப்பது கடல் சிப்பி என்றதும் அவர்களுக்கு ஆச்சரியம். பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை.

மேரிக்குத்தான் பொறுமை இல்லை. புதன்கிழமையோடு உன் விரதம் முடிகிறதே, பிறகு ஏன் மாதக் கடைசிவரை காக்க வேண்டும் என்கிறார். வரும் சனிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, ஊரிலிருந்து பெற்றோர்கள் வருகிறார்கள். அன்றே எல்லோருக்கும் விருந்தாக வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தால் சரிதானே?

நான் இன்னும் ருசிகூடப் பார்க்கவில்லை.

அன்புடன்,
வாசுகி

•

கெலாங் பாத்தா,
18 அக்டோபர் 2024

அக்கா,

உன் ஆறாந்தேதி கடுதாசி இன்னிக்குத்தான் வந்துச்சு. அம்மா எப்பவும்போல நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. நானும் வாசிச்சேன். விளக்கேத்தினேன்ங்கற எடத்துல அம்மா கண்ண மூடிக் கும்பிட்டாங்க.

நான் எழுத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். போர்டுல கோடு போடாமயே நேரா எழுதறவ நீ. இதுல எழுத்து எல்லாம் வரிய விட்டு எறங்கி ஓடுது. கால் எழுத்து பாதியில நிக்குது. சனிக்கிழமை மாலை ஒடம்பு சரியில்லைங்கற. ஞாயித்துக்கெழம பேனா புடிக்கற கை இப்படியிருக்கு. வெயிலாம்.

வெயிலுக்கு விரல் மரத்துப் போகாது.

நீ சாப்பிட்டிருக்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு. அம்மாகிட்ட சொல்லல. நீ எழுதற அளவுக்கு உசுரோட இருக்கியேனு ஒரு பக்கம் இருக்கு. ஆனா மிச்சத்த தீபாவளிக்குப் புள்ளைங்களுக்குக் குடுப்பேன்னு எழுதியிருக்க பாரு, அத வாசிக்கறப்ப பாதியிலயே எந்திரிச்சுட்டேன். தண்ணி குடிச்சிட்டு வந்து வாசிச்சேன். பெரிய மனுஷன் அப்பா, அவருக்கே மெஷின் வெச்சாங்க. ஏழு வயசுப் புள்ள என்ன ஆகும்?

படகு ஆபீஸ் நம்பரத் தேடிப் புடிச்சு அடிச்சேன். நாளைக்குக் காலைல ஒரு படகு மேல போகுதாம். அதுக்கப்புறம் மழை வந்தாத்தானாம். நானே பிளேன் ஏறி வந்தாலும் அந்தப் படகுக்கு எட்ட முடியாது. என் பழைய கடுதாசிங்க அந்தப் பையில இருக்கானு பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டேன். பை கட்டியாச்சு, பிரிக்க முடியாதுன்னாரு. நான் விஷயத்தக் கத்திச் சொல்லச் சொல்ல லைன் போயிடுச்சு. திரும்ப அடிச்சா எடுக்கல. கல்வி இலாகாவுல எழுதிக்கிட்டவரு லீவாம்.

இந்தக் கடுதாசி அந்தப் படகுக்குப் போய்ச் சேராது. தெரிஞ்சுதான் எழுதறேன். சும்மா உக்கார முடியல.

லோஷினி

•

கெலாங் பாத்தா,
26 அக்டோபர் 2024

அக்கா,

உன் பதிமூணாந்தேதி கடுதாசி வந்துச்சு. பத்தொம்பதுனு எழுதியிருக்க. இன்னிக்கு இருபத்தாறு.

அம்மாவுக்கு அத முழுசா வாசிக்கல. பால் டின் விளக்கு வரைக்கும் வாசிச்சிட்டு, மிச்சம் தண்ணி பட்டு அழிஞ்சிருக்குனு சொன்னேன். இந்த வீட்டுல இப்ப நானும் பொய் சொல்றேன்.

சுகாதார ஆபீசருக்கு மறுபடி அடிச்சேன். ரேடியோவுல சொல்லச் சொல்லியாச்சு, பதில் எதுவும் வரலங்கறாரு.

ஒரு வரி எழுது.

லோஷினி

•

கெலாங் பாத்தா,
31 அக்டோபர் 2024

அக்கா,

தீபாவளி. அம்மா எண்ணெ வெச்சு விட்டாங்க. அப்பா இன்னும் பஸ் எடுக்கல, ஆனா நல்லா நடக்கறாரு. வந்தவங்க எல்லாரும் பெரியவ எப்படி இருக்கானு கேட்டாங்க. நல்லா இருக்கானு சொன்னேன்.

அப்பா மட்டும் என்னைத் தனியா கூப்பிட்டு, "அவ சாப்பிட்டாளா?"னு கேட்டாரு. தெரியலப்பானு சொன்னேன். அவரு முறுக்க தட்டுல திரும்ப வெச்சுட்டாரு.

லோஷினி

•

1 நவம்பர் 2024

அன்புத் தங்கை லோஷினிக்கு,

நான் நலம். பிள்ளைகள் எல்லோரும் நலம். ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று உடனே எழுது. பத்தொன்பதாம் தேதிப் படகில் வந்த உன் கடிதத்தில் அவருக்கு நேர்ந்ததைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இரவு மழை பெய்து படகு வந்திருக்கிறது. அது திரும்புவதற்குள் இதை முடிக்க வேண்டும்.

தனித்தாள் கேட்டிருந்தாய். வேண்டாம். இதை அம்மாவுக்குச் சத்தமாகவே வாசி.

பார்சல் வந்த மறுநாள் சனிக்கிழமை விளக்கேற்றினேன். அது உண்மை. அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போத்தலைத் திறந்தேன். அதுவும் உண்மை. அம்மா, மூடியைத் திறந்ததும் நம் வீட்டு அடுப்படி வாசம் வந்தது. பார்சல் வருவதற்கு முன்பே நான் இங்கே மீன் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். கீரை மட்டும் தின்று இந்த மலையில் ஏறி இறங்க என்னால் முடியவில்லை. உங்களுக்கு எழுதியது வேறு. அன்று இரண்டு துண்டு சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது. காரம் என்று நினைத்தேன். பிறகு விரல்கள். அப்போதும் நான் நினைத்தது அப்பா நினைத்ததைத்தான்: பெருமாளிடம் மாட்டிக்கொண்டேன். தண்டனை எனக்கு மட்டும்தான், போத்தலில் ஒன்றும் இல்லை என்று நம்பினேன். அதனால்தான் அதைத் துடைத்து, மூடி, பிள்ளைகளுக்கென்று மேசைமேல் வைத்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்தொன்பதாம் தேதி வாழையிலை போட்டாயிற்று. பிள்ளைகள் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் படகுச் சத்தம் கேட்டு ஆற்றுக்கு ஓடினார்கள். படகுக்காரர் பையைப் பிரித்ததும் மேலேயே சிவப்பில் எழுதிய உன் உறை இருந்திருக்கிறது. கடிதத்தின்மேல் இப்படி எழுதி அவர் பார்த்ததே இல்லையாம். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர்களுக்கு அது புதுப் பாட்டுப்போல ஆகிவிட்டது. படிகளில் ஏறிவரும்போது எல்லோரும் சேர்ந்து கத்திக்கொண்டே வந்தார்கள். "ஜாங்கான் புக்கா போத்தோல்! ஜாங்கான் புக்கா போத்தோல்!"

நான் சோற்றுக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். என் விரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

சமையலறைக்கு ஓடினேன். மேரி ஏற்கெனவே போத்தலைத் திறந்து கிண்ணத்தில் கொட்டியிருந்தார். உப்பு பார்க்க மூன்று நான்கு துண்டு வாயில் போட்டிருக்கிறார். "டீச்சர், உங்க அம்மா நல்ல காரம் போடறாங்க, உதடே எரியுது" என்று சிரித்தார். அது காரம் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்தக் காட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வாரமாக என் உதடு மரத்ததை மறைத்து வாயைத் திறக்காமல் இருந்தேன்.

தலைமையாசிரியர் அவரைச் சிறுபடகில் மேலாற்றுக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். உன் கடிதத்தை மருத்துவ உதவியாளரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். மேரிக்கு மாலைவரை கை கால் எழவில்லை. அந்த உதவியாளர் கையால் அழுத்தும் காற்றுப் பையைப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அது தேவைப்படவில்லை. மறுநாள் மேரி எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த ரேடியோச் செய்தி வந்தது.

போத்தலையும் கிண்ணத்தையும் கட்டி, பள்ளிக்குப் பின்னால் பிள்ளைகள் எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைத்தோம். மேரி இப்போது வேலைக்கு வந்துவிட்டார். நான் முன்பே சாப்பிட்டேன் என்பதை அவரிடமும் சொன்னேன். அவர் ஒருநாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. அது சரிதான்.

அம்மா என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது.

வாசுகி

•

கெலாங் பாத்தா,
9 நவம்பர் 2024

வாசுகி அக்காவுக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். இந்தத் தடவ நெசமாவே. அப்பா திங்கக்கிழமையில இருந்து பஸ் எடுக்கறாரு.

நீ சொன்ன மாதிரியே சத்தமா வாசிச்சேன். மறைக்காம எழுதுறேன், கேட்டுக்க. நீ மீன் சாப்பிட்ட எடம் வந்ததும் நான் நிமிந்து பாத்தேன். அம்மா, "நிறுத்தாத, வாசி"ன்னாங்க. மேரி உதடு எரியுதுனு சிரிச்ச எடத்துல அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு கண்ணத் தொடச்சுக்கிட்டு வந்து அம்மா பக்கத்துலயே உக்காந்தாரு. அம்மா தள்ளி உக்காரல. ஒரு மாசத்துக்கு அப்புறம் இப்பதான் பக்கத்துல பக்கத்துல பாக்கறேன்.

வாசிச்சு முடிச்சதும் கடுதாசிய அம்மா வாங்கி மடிச்சு வெச்சாங்க. அப்புறம் அம்மா மேரிக்குக் கொழந்தைங்க இருக்கானு கேட்டாங்க. எனக்குத் தெரியல, எழுது. அந்தம்மாவுக்கு ஒரு பொடவை எடுத்து வெச்சிருக்காங்க, அடுத்த பார்சல்ல வரும். சாப்பிடற சாமான் எதுவும் வராது.

அப்புறம் பேனாவ என் கையில இருந்து புடுங்கிக்கிட்டாங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டு, நான் படிச்சப்ப கூட இப்படிக் குனிஞ்சு எழுதினதில்ல, அப்படி எழுதினாங்க. கீழ இருக்கறது அம்மா எழுத்து.

லோஷினி

வாசுகி, அப்பாவுக்கும் இதையே சொல்லிவிட்டேன். என்ன சாப்பிட்டாலும் சொல்லு. சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அம்மா.